மலையகத்துக்கு வரும் உறவுகளுக்கு: நலமாகச் சுற்றிப் பார்த்துத் திரும்ப ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் வீடு நிறைந்துவிடும். திருச்சியிலிருந்து மாமா குடும்பம், கொழும்பிலிருந்து சித்தி பிள்ளைகள், சில வருஷம் கனடாவிலிருந்தும் ஆட்கள். வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்து விழும். மலேரியா மாத்திரை போடணுமா? பாம்பு நிறைய இருக்குமா? அட்டை இரத்தத்தையெல்லாம் உறிஞ்சிவிடுமாமே?

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஆள். இத்தனை வருஷமாக வந்துபோனவர்களுக்கு என்னென்ன ஆனது என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பாம்பு யாரையும் கடிக்கவில்லை. மலேரியா யாருக்கும் வரவில்லை. ஈரப் படிக்கட்டில் வழுக்கிக் கை முறிந்தவர்கள் இரண்டு பேர். வேனின் பிரேக் தீய்ந்து நடுவழியில் நின்றது ஒரு தடவை. காய்ச்சலை மூன்று நாள் பொத்தி வைத்திருந்து டெங்கு வார்டில் போய்ச் சேர்ந்தவன் ஒருத்தன். பூட்டிய அறைக்குள் கரியடுப்பு மூட்டி, யாரோ கதவைத் தட்டியதால் பிழைத்த குடும்பம் ஒன்று.

ஆகவே என் கணக்குப்படி மழைக்கும் சரிவுக்கும் தாமதத்துக்கும்தான் முதலில் பயப்பட வேண்டும். பூச்சியும் பாம்பும் அதற்குப் பிறகு. கீழே உள்ள படிகளில் சிலவற்றை நீட்டியும் சிலவற்றைச் சுருக்கியும் எழுதியிருப்பது அதனால்தான்.

படி 1: மாதத்தோடு சரிவையும் பாருங்கள்

"அங்கே மழைக்காலம் எப்போது?" என்று கேட்டால் மலையகத்தில் ஒரே பதில் கிடையாது. நடுவில் மலை நிற்பதால் ஒரு பருவக்காற்று ஒரு பக்கத்தை நனைக்கும், மற்றது மறுபக்கத்தை நனைக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை, வட்டவளை பக்கம் விடாமல் பெய்யும். ஜூலையில் வட்டவளையில் துணி காயப்போட்டால் அடுத்த வாரம் போய் எடுக்கலாம். அதே ஜூலையில் பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் வெயில் காய்ந்து காற்று அடித்துக்கொண்டிருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம். அப்போது பதுளைப் பக்கம் நனையும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழைக்கு ஒரு நேரம் உண்டு. காலை பளிச்சென்று விடியும். பகல் பன்னிரண்டுக்கு மேல் மேகம் கூடி, இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை மேற்குப் பக்கத்துக்கு நல்ல காலம். ஒக்டோபர், நவம்பரில் மட்டும் நான் யாரையும் கூப்பிடுவதில்லை. காரணம் நாலாம் படியில் இருக்கிறது.

எந்த மாதம் வந்தாலும் நாளைக் காலை ஆறு மணிக்குத் தொடங்கி, நடை, மலை, அருவி என்று வெளியில் செய்ய வேண்டியதை இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகலை பால் கலக்காத பிளேன்டீக்கும் பேச்சுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2: மருந்துப் பை

மலேரியா மாத்திரை வேண்டாம். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. கொசு மருந்து வேண்டும், அது டெங்குவுக்காக. கண்டி, கம்பளை, மாத்தளை போன்ற தாழ்வான, சூடான ஊர்களில் டெங்கு எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். நுவரெலியாக் குளிரில் குறைவு. ஆனால் நீங்கள் நுவரெலியாவுக்கு வானத்திலிருந்து குதிக்கப் போவதில்லை, கொழும்பு, கண்டி வழியாகத்தான் வருவீர்கள். அந்தக் கொசு பகலில் கடிக்கும், அதுவும் விடிகாலையிலும் அந்தி சாயும் நேரத்திலும்.

ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மஞ்சட்காமாலை ஏ வகைக்கும் டைபாய்டுக்கும் ஊசி தேவையா என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் தங்குவதென்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைப் பற்றியும் பேசுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: பனடோல் (பரசிட்டமோல்), ஒவ்வாமைக்கு பிரிட்டன் (Piriton) மாத்திரை, ஐந்தாறு பாக்கெட் ஜீவனி, பிளாஸ்டர், துணிக்கட்டு, கொசு மருந்து, சின்ன டோர்ச். ஜீவனி என்றால் வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள், இங்கே எந்தப் பார்மசியிலும் கிடைக்கும். இப்யூபுரோஃபன், டைக்ளோபெனாக், ஆஸ்பிரின் மாதிரி வலி மாத்திரைகளைக் காய்ச்சலுக்கென்று எடுத்து வராதீர்கள். ஏன் என்று காய்ச்சல் பகுதியில் சொல்கிறேன். இருதயத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தக் கூடாது.

வழக்கமாகப் போடும் மாத்திரைகளைத் தேவையைப் போல இரண்டு மடங்கு கொண்டுவாருங்கள். மருந்தின் கம்பனிப் பெயரோடு உள்ளிருக்கும் மருந்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்தியக் கம்பனிப் பெயரைச் சொன்னால் ஹட்டன் பார்மசிக்காரர் விழிப்பார். வீசிங் உள்ளவர்கள் பம்பைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். பனியும் குளிரும் சேரும்போது திடீரென்று இழுக்கும்.

போன வருஷம் மாமா பன்னிரண்டு வகை மாத்திரையோடு வந்தார். காலில் ரப்பர் செருப்பு. மாத்திரை ஒன்றும் தேவைப்படவில்லை, செருப்புத்தான் அவரைக் கீழே தள்ளியது. அடியில் பிடிமானமுள்ள சப்பாத்து ஒரு ஜோடி கட்டாயம்.

படி 3: வளைவுப் பாதை

மலையகத்தில் உங்களுக்கு ஏதாவது ஆக வேண்டுமென்றால் அது பெரும்பாலும் வீதியில்தான் ஆகும். 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு பேர் போனார்கள். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கரண்டிஎல்லயில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரிய செய்தியான இரண்டை மட்டும் சொல்கிறேன்.

பலர் செய்யும் முதல் தவறு, நடுச்சாமத்தில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி நேரே நுவரெலியாவுக்கு வண்டியை விடச் சொல்வது. ஐந்தாறு மணி நேரப் பாதை. உங்களைக் கூட்டிப்போக வந்த டிரைவர் பகலெல்லாம் ஓடிவிட்டு வந்திருப்பார். முதல் இரவு நீர்கொழும்பிலோ கண்டியிலோ தங்குங்கள். மலைப் பாதையைப் பகலில் ஏறுங்கள்.

வண்டி பேசும்போது விலைக்கு முன்னால், "இந்த ரோட்டில் ஓடிப் பழக்கம் உண்டா அண்ணே?" என்று கேளுங்கள். சமவெளி டிரைவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். மலைக்காரர் சின்ன கியரில் போட்டு எஞ்ஜினால் வண்டியைப் பிடிப்பார். நுவரெலியாவிலிருந்து ஹக்கல வழியாக வெலிமடைக்கு இறங்கும் பாதையில்தான் எங்களுக்கு அது நடந்தது. கரட்டும் லீக்ஸும் அடுக்கிய கடைகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம், ரப்பர் கருகுவது போல ஒரு வாசனை. சித்தி "யாரோ குப்பை எரிக்கிறாங்க" என்றார். கண்ணாடியை ஏற்றிய பிறகும் வாசனை போகவில்லை. நிறுத்தச் சொன்னேன். முன் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால் அடுப்புக்குக் கிட்ட நிற்பது போலச் சூடு. டிரைவர் தம்பி போத்தல் தண்ணீரை ஊற்றப் போனார், தடுத்துவிட்டேன். கொதிக்கும் இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணும், வெடிக்கும். ஒரு மணி நேரம் ஓரமாக நின்று, தானாக ஆறவிட்டு, அப்புறம் இரண்டாம் கியரிலேயே இறங்கினோம். அந்த வாசனை உங்கள் மூக்கில் பட்டால் வெட்கப்படாமல் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மிதிக்கும்போது பிரேக் கால் ஆழமாக இறங்குகிறது என்று டிரைவர் சொன்னால் அதற்கு மேல் ஓட வேண்டாம்.

சீட் பெல்ட், வளைவில் ஹோர்ன், ஏறும் வண்டிக்கு வழி, மூடுபனியில் லைட்டைத் தாழ்த்திப் போடுவது எல்லாம் தெரிந்தவைதான். இரவில் பனி இறங்கிவிட்டால் தங்குமிடத்துக்கு இன்னும் பத்தே கிலோமீட்டர் என்றாலும் ஒரு கடையில் ஒதுங்குங்கள்.

வாந்தி வரும் ஆட்கள் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வயிற்றை முழுக்க நிரப்பவும் வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம். அவோமின் போடுவதானால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள், தூக்கம் வரும். எலுமிச்சையை மோந்து பார்ப்பது எங்கள் ஊர் வைத்தியம். வேலை செய்கிறதோ இல்லையோ, கையில் ஏதோ இருக்கிறது என்ற தைரியம் வரும்.

ரயிலில், அதாவது எங்கள் பாட்டிமார் சொல்லும் கோச்சியில், மிதிபலகையில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். பாதையை ஒட்டியே பாறைச் சுவர் வரும், சுரங்கம் வரும், கம்பம் வரும். அப்படித் தலை அடிபட்டுச் செத்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. 2025 புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள்.

படி 4: மழையும் மண்சரிவும்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுக்க அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் பெரும்பகுதி கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை என்று மலைநாட்டு மாவட்டங்களில்தான்.

அறை பதிவு செய்யும்போது எல்லாரும் ஜன்னலுக்கு முன்னால் என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். நீங்கள் பின்னால் போய்ப் பாருங்கள். மலையைச் செங்குத்தாக வெட்டி, அந்த வெட்டுக்கு அடியில் கட்டிய விடுதியா? மண்ணைத் தாங்க ஒரு சுவர் கட்டியிருப்பார்கள். அதில் வரிசையாகச் சின்னக் குழாய் முனைகள் தெரியும், உள்ளே ஊறும் நீர் வடிவதற்கு. மழையில் அவற்றில் தெளிந்த நீர் சொட்டினால் சுவர் தன் வேலையைச் செய்கிறது. பெருமழையிலும் எல்லாம் அடைத்துக் காய்ந்து கிடக்கிறது, சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, அல்லது வடியும் நீர் பிளேன்டீ நிறத்துக்கு மாறிவிட்டது என்றால் அங்கே இரவு தங்காதீர்கள். கொடுத்த காசு போனால் போகட்டும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு. நேற்றுவரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நிற்பது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, அல்லது ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்றுபோவது. தண்ணீர் நின்றால் "அப்பாடா" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த நீர் எங்கேயோ மண்ணுக்குள் தேங்குகிறது என்று அர்த்தம். மேலேயிருந்து உறுமல் போல ஒரு சத்தம் வந்தால் சாமான் எடுக்க நிற்காதீர்கள். சரிவு வரும் பாதைக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஓடுங்கள். அதற்கு முன்னால் ஓடி அதை ஜெயிக்க முடியாது.

மண்சரிவு எச்சரிக்கையை விடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். மூன்று நிறம். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். இந்த எச்சரிக்கை பிரதேச செயலாளர் பிரிவின் பெயரில் வரும்: அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹாலிஎல என்று. விடுதியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. "இது எந்தப் பிரதேச செயலகத்தைச் சேர்ந்தது?" என்று வந்த அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

செம்மஞ்சள் வந்துவிட்டால் சுற்றுலா முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு வரட்டும், காலையில் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், வெளிச்சம் இருக்கும்போதே இடம் மாறுங்கள். வீதியில் சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தால் பெரியது பின்னால் வரலாம். முன்னால் போன வண்டி கடந்துவிட்டதே என்று நீங்களும் நுழையாதீர்கள். மண்மேட்டுக்குப் பக்கத்தில் நின்று வீடியோ எடுக்கும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

படி 5: பீலித் தண்ணீரும் கடைச் சாப்பாடும்

தோட்டத்துப் பாதையில் நடந்தால் பீலியைப் பார்ப்பீர்கள். பாறை இடுக்கிலிருந்து ஒரு குழாயோ மூங்கிலோ செருகி, கண்ணாடி போலத் தண்ணீர் கொட்டும். கைவைத்தால் எலும்பு குளிரும். குடிக்க ஆசை வரும். நாங்கள் குடித்து வளர்ந்தவர்கள்தான், ஆனால் உங்களைக் குடிக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் பீலிக்கு மேலே ஒரு லயம் இருக்கலாம், மலசலகூடம் இருக்கலாம், மருந்தடித்த தேயிலை மலையோ மரக்கறித் தோட்டமோ இருக்கலாம். தெளிவாக இருப்பதால் சுத்தம் என்று ஆகாது. கொதிக்க வைத்து ஆறிய நீர், அல்லது மூடி உடையாத போத்தல் நீர்.

சாப்பாட்டில் என் அளவுகோல் சூடுதான். கண்முன் தட்டிப் போட்ட ரொட்டியும், அப்போது கொத்திய கொத்தும் தெருவோரக் கடையில் என்றாலும் பயமில்லாமல் சாப்பிடுங்கள். காலையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் மீன் ரோல்ஸும் முட்டை ரொட்டியும் எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் வேண்டாம். கட்டச் சம்பல் காரத்தைப் பழகாத வயிறு முதல் நாளே சோதிக்க வேண்டியதில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால் ஜீவனியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு நீரில் கரைத்து, சிறுகச் சிறுகக் குடியுங்கள். இரத்தம் கலந்து போனால், காய்ச்சல் சேர்ந்தால், குழந்தை சோர்ந்து சிறுநீர் குறைந்தால் ஆஸ்பத்திரி.

படி 6: அட்டை, குளவி, நாய், பாம்பு

அட்டையைப் பற்றி ஊர் முழுக்கப் பயம். உண்மையில் நாலிலும் சாது அதுதான். நோய் பரப்பாது, வலிக்காது. கொழுந்து எடுக்கும் எங்கள் அம்மாமார் காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசிக்கொண்டு மலைக்குப் போவார்கள். நீங்கள் நீளக் காலுறையை பேண்டுக்கு மேலே இழுத்துவிட்டு, அதில் சவர்க்காரமோ சித்தாலேப தைலமோ தடவிக்கொள்ளுங்கள். ஒட்டிவிட்டால் பிய்த்து எறியாதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். மெல்லிய முனைதான் வாய். அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் எச்சில் இரத்தத்தை உறைய விடாது, அதனால் மணிக்கணக்கில் கசியும். கழுவி, அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள். சொறிந்தால்தான் புண்ணாகும்.

குளவிதான் உண்மையான ஆபத்து. தோட்டத்தில் குளவி கொட்டி ஆட்கள் இறப்பது எங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. நாங்கள் குளவி என்று பொதுவாகச் சொன்னாலும், பல நேரம் அது மரத்திலும் பாறையிலும் தட்டுத்தட்டாகக் கூடு கட்டும் பெருந்தேனீ. பருந்து கலைத்தாலும் காற்றில் கிளை ஆடினாலும் மொத்தமாக இறங்கும். மலைக்குள் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள். வாசனைத் திரவியம் பூசாதீர்கள், கல்லெறியாதீர்கள். வந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் சட்டையால் மூடிக்கொண்டு ஓடி, வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம், மேலே காத்திருக்கும். கொடுக்கு தோலில் நின்றால் நகத்தால் உடனே வழித்தெடுங்கள். மூச்சு முட்டல், உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தலைச்சுற்றல் இவற்றில் எது வந்தாலும் அந்த நிமிஷமே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் பத்துப் பதினைந்து கொட்டு வாங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள்.

நாய், குரங்கு, பூனை எது கடித்தாலும், கீறினாலும், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிஷம் நினைப்பதை விட நீளம். மஞ்சளும் கோப்பித் தூளும் வைக்க வேண்டாம். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டிய பிறகு காப்பாற்ற வழியில்லை. கண்டியில் குரங்குக்குப் பழம் நீட்டிப் படம் எடுப்பவர்களுக்காகவும்தான் இதைச் சொல்கிறேன்.

பாம்பைப் பற்றிச் சுருக்கமாக: இரவில் டோர்ச் இல்லாமல் நடக்காதீர்கள், விறகுக் குவியலுக்குள் கை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், கடித்த இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு படம் போதும்.

படி 7: ஏற்றம், குளிர், கரியடுப்பு

உயரத்தால் வரும் மூச்சுத் திணறலுக்குப் பயப்பட வேண்டாம். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர், சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். அந்த நோய் பொதுவாக 2,500க்கு மேல்தான். உங்களுக்கு மூச்சு வாங்கினால் அது படிக்கட்டின் வேலை.

பாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பருவகாலம் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை. அந்தக் காலத்தில் வழியெல்லாம் விளக்கும் தேநீர்க் கடையும் ஆட்களும் உண்டு. பருவம் இல்லாத மாதத்தில் இருட்டும் மழையும் அட்டையும்தான், தனியாக ஏறாதீர்கள். ஏறும்போது வேர்த்து நனைந்த சட்டையோடு உச்சியில் விடியலுக்காக நின்றால் காற்று ஊசி போலக் குத்தும். ஒரு காய்ந்த சட்டையைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துப்போய், உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். இருதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. நெஞ்சை அழுத்துவது போல இருந்தால் "இன்னும் கொஞ்சம்தானே" என்று உந்தாதீர்கள். முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை, ஒரு கைத்தடி பாதி வலியைக் குறைக்கும்.

ஹோர்டன் சமவெளிக்கு விடிகாலையில் போங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பை மூடுபனி மறைத்துவிடும், விளிம்பு எது என்றே தெரியாது. லிப்டன் சீட் போன்ற மேடுகளில் இருக்கும்போது இடி கேட்டால் மழைக்குக் காத்திருக்காமல் இறங்கி வண்டிக்குள் போங்கள். தனி மரத்தடி வேண்டாம்.

இனி அந்தக் கரியடுப்பு. ஜனவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படியும். சுட்டுத் தின்ற கோழிக்கு மூட்டிய கரி மிச்சம் இருக்கிறதே என்று அடுப்பை அறைக்குள் இழுத்து, ஜன்னலைப் பூட்டிக்கொண்டு படுப்பார்கள். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், தூக்கம், அப்புறம் எழுந்திருக்க மாட்டீர்கள். இன்னும் இரண்டு கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் போத்தலைக் காலடியில் வையுங்கள். கரி வெளியிலேயே இருக்கட்டும்.

படி 8: அருவியும் நீர்த்தேக்கமும்

மேலே பெய்த மழை கீழே உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போது மேல்மலையில் கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்தக் கணமே கரையேறுங்கள். அணைக்கட்டுகளுக்குக் கீழே ஆற்றில் இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் வான்கதவு திறந்தால் ஓட நேரம் இருக்காது. "குளிக்கத் தடை" பலகை மாட்டிய இடங்களில் யாரோ முன்பு செத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: காய்ச்சல் வந்தால்

மூன்று நாள் பொத்தி வைத்தவன் என்று சொன்னேனே, அவன் சித்தி மகன். இங்கே வந்து இரண்டாம் நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. கடையில் வாங்கிய ஏதோ வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எங்களுக்குச் சொல்லாமல் சுற்றினான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. "சரியாயிருச்சு" என்று சித்தி சந்தோஷப்பட்டார். அன்று மாலைதான் வயிற்றுவலியும் வாந்தியும் தொடங்கின.

டெங்குவில் ஏமாறும் இடம் இதுதான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும் ஆபத்தான கட்டம் தொடங்கும். ஆகவே காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் எடைக்கேற்ற அளவில். மற்ற வலி மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலின் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணி, குழந்தை, முதியவர் என்றால் அதற்கும் முன்பே. கஞ்சி, இளநீர், ஜீவனி என்று குடித்துக்கொண்டே இருங்கள். சிவப்பு, கபில (பழுப்பு) நிறப் பானங்கள் வேண்டாம். வாந்தியில் வருவது இரத்தமா சோடாவா என்று டாக்டருக்குக் குழம்பும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைவு, தலைசுற்றல் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வயலிலோ வெள்ளத்திலோ சேற்றிலோ கால் புண்ணோடு இறங்கியிருந்து, அப்புறம் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் இறங்கியதை டாக்டர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

படி 10: உதவி கேட்பது எப்படி

1990 சுவசெரிய அம்புலன்ஸ். இலவசம், தமிழிலும் பேசலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. பொலிஸ் 119, தீயணைப்பு 110.

இலக்கம் தெரிந்தால் மட்டும் போதாது, இடத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். இங்கே ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, எங்கள் ஆட்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் ஒன்று, அதற்குள் மேல்பிரிவு, கீழ்ப்பிரிவு வேறு. தப்பான பிரிவைச் சொன்னால் வண்டி அடுத்த மலையில் போய் நிற்கும். தங்கும் இடத்தின் இரண்டு பெயரையும், பிரிவையும், பக்கத்துப் பள்ளிக்கூடம் அல்லது கோவிலையும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பெருவீதி என்றால் ஓரத்திலுள்ள கிலோமீட்டர் கல்லைப் பார்த்துச் சொல்லுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் போய்விடும். மேட்டுக்கு ஓடுங்கள், அல்லது பக்கத்து லயத்தில் கதவைத் தட்டுங்கள். தோட்டத்தில் யாரும் திறக்காமல் இருக்க மாட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிகள் கண்டி, நுவரெலியா, பதுளை ஆகிய ஊர்களில் உண்டு. ஹட்டன் பக்கத்தில் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை. தோட்ட டிஸ்பென்சரியில் முதலுதவி கிடைக்கும், ஆனால் மேலே சொன்ன அவசரங்களுக்கு அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

படி 11: ஊருக்குத் திரும்பிய பிறகு

ஒரு மாதம்வரை காய்ச்சல் வந்தால், "இலங்கை மலையகத்துக்குப் போயிருந்தேன், இன்னின்ன ஊரில் தங்கினேன், இந்தத் தண்ணீரில் இறங்கினேன்" என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் இரண்டு மூன்று வாரம் கழித்தும் தலைகாட்டும். நாய்க்கடி ஊசியைப் பாதியில் விட்டுக் கிளம்பியிருந்தால், இங்கே தந்த ஊசிக் கார்டைக் காட்டி மீதியைத் திகதி தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். அட்டை கடித்த இடம் பத்துப் பதினைந்து நாள் அரிக்கும், அதற்கு டாக்டர் வேண்டாம். சப்பாத்தை உதறிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடுங்கள். மாமாவின் பெட்டிக்குள் ஒரு அட்டை திருச்சி வரைக்கும் போயிருக்கிறது.